அடுத்த அறையில் இருந்தவன்

மெட்டில்டா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது அவள் கணவன் கஸ்பார் அடுத்த அறையில்தான் இருந்தான். நடுவிலிருந்த கதவு திறந்து கிடந்தது. அவள் கூப்பிட்டிருக்கிறாள். அவன் போகவில்லை. துணி உலர்த்தப் பின்பக்கம் வந்த மாடி வீட்டு டீச்சர் முனகல் கேட்டு உள்ளே ஓடிவந்து, அவன் தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் எழுந்தான். அதற்குள் இடுப்பெலும்பு முறிந்த வலியில் மெட்டில்டாவுக்குப் பாதி நினைவு போயிருந்தது.

அவன் குடித்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை. காதில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை. மறுநாள் துறைமுகத்துக்குள் கொண்டுவர வேண்டிய கப்பலின் அமைப்பைத் திரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியில் மெட்டில்டாவின் அக்கா ரெஜினா அவனிடம் ஒரு கேள்விதான் கேட்டாள். "உமக்குக் காது செவிடா?" இல்லை என்றான். "பின்ன?" என்றாள். அதற்கு அவனிடம் பதில் இல்லை. மெட்டில்டாவை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் பாளையங்கோட்டைக்குத் தன் வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டாள்.

பதிலைக் கண்டுபிடித்துக் கொடுத்தவர் ஜெபமணி அண்ணாச்சி. பைலட்டுகள் சங்கத்தின் செயலாளர். துறைமுக கேண்டீனில் டீயை ஆற்றிக்கொண்டே, "எல, இது நீ இல்ல. மூடி ஒட்டிக்கிட்டு," என்றார்.

கல்லாமுனை துறைமுகத்தில் பைலட்டுகள் கப்பலில் ஏறி வழிகாட்டிய காலம் முடிந்துவிட்டது. இப்போது கரையில், கண்ணாடி போட்ட ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, திரையைப் பார்த்துக் கைப்பிடியை நகர்த்தினால் கடலில் கப்பல் திரும்பும். பெரிய கப்பல் ஒரு தெருவின் நீளம் இருக்கும். நிறுத்து என்றால் நிற்காது, திரும்பு என்றால் உடனே திரும்பாது. உள்ளே வரும் கால்வாய் கப்பலைவிடக் கொஞ்சமே அகலம். அதற்குள் வந்துவிட்டால் கரை சேரும்வரை கண்ணை எடுக்கக் கூடாது, மனத்தையும் எடுக்கக் கூடாது. தொடக்கத்தில் ஒரு பைலட், மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த செய்தியைப் பார்க்கப் போனைத் திருப்பினான். திரும்பி வருவதற்குள் கப்பல் அலைதடுப்புச் சுவரை உரசிவிட்டது. அதன் பிறகு போன்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். போன் பெட்டிக்குள் போனது. போனைப் பற்றிய நினைப்பு போகவில்லை. யார் கூப்பிட்டிருப்பார்கள், என்ன வந்திருக்கும் என்று ஒவ்வொருவன் தலையிலும் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான் மூடி வந்தது. நெற்றியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்தில் ஒரு பட்டை. இரண்டு நெற்றிப்பொட்டிலும் அழுத்தி உட்காரும் சின்ன மெத்தைகள். அதைச் செய்யும் கம்பெனிக்காரர்கள் வைத்த பெயர் நீளமானது, ஒருவரும் சொல்வதில்லை. எந்த வேலை என்று அதனிடம் சொல்லிவிட வேண்டும். அந்த வேலையைத் தொடுகிற எதையும் உள்ளே விடும். மற்றதைத் தடுத்துவிடும். போன் சத்தம், பக்கத்து நாற்காலிக்காரன் பேச்சு, பசி, காலையில் வீட்டில் நடந்த சண்டை எல்லாம் மனத்தின் வாசலுக்கு வந்து அப்படியே திரும்பிவிடும்.

இப்போது துறைமுகத்தில் மட்டுமில்லை, ஊரெல்லாம் மூடிதான். ஆடிட்டர் போடுகிறார். கட்டடம் வரைகிறவர் போடுகிறார். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுகிறவர் கழற்றுவதே இல்லை. வீட்டில் யாராவது கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பதற்கு ஒரு கௌரவமான காரணம் எல்லாருக்கும் கிடைத்துவிட்டது. நெற்றியில் பட்டை இல்லாதவன்கூட, "மூடி போட்டிருந்தேன்," என்றான்.

கஸ்பார் அந்த அறையின் முதல் ஆட்டக்காரன். அவன் மூடி போட்டு உட்கார்ந்தால் பின்னால் வெடி வைத்தாலும் திரும்ப மாட்டான் என்று மற்றவர்கள் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவன் மறுக்க மாட்டான். கடினமான கப்பல், கெட்ட காற்று என்றால் அவன் பெயர்தான் பலகையில் ஏறும்.

அண்ணாச்சியின் வாதம் எளிமையானது. இத்தனை வருஷமாகத் தலையை ஒரே மாதிரி மூடி மூடி வைத்தால், பட்டையைக் கழற்றிய பிறகும் தலை தானாகவே மூடிக்கொள்கிறது. அன்றைக்குக் கஸ்பார் கப்பல் படத்தைப் பார்த்தான். தலை கப்பல் என்று எடுத்துக்கொண்டது. பொண்டாட்டியின் குரலைத் திருப்பி அனுப்பிவிட்டது. இதைக் கம்பெனி ஒப்புக்கொண்டால் பைலட்டுகளுக்கு மூடி நேரத்தைப் பாதியாகக் குறைக்கும்படி துறைமுகத்தாரிடம் சொல்லலாம். சங்கம் பல நாளாகக் கேட்டுவரும் விஷயம் அது.

கஸ்பாருக்குச் சங்கத்தின் கோரிக்கையில் பெரிய அக்கறை இல்லை. ஆனால் அண்ணாச்சி சொன்னதைக் கேட்ட அன்றைக்குத்தான் அவன் வயிறாரச் சாப்பிட்டான்.

சேதி பாளையங்கோட்டைக்கும் போனது. ரெஜினா போனில் சுருக்கமாகச் சொன்னாள். மூடிதான் காரணம் என்று தெரிந்தால் மெட்டில்டா வீட்டுக்கு வருவாள். மூடி இல்லை என்றால் வர மாட்டாள். அவளே சொல்லச் சொன்னது. கஸ்பார் தயங்காமல், "மூடிதான். நிரூபிச்சிட்டு வந்து கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

கம்பெனியிலிருந்து அபிநயா வந்தாள். கோயம்புத்தூர்க்காரி. முப்பது வயது இருக்கும். தோளில் ஒரு கருவிப் பை. அதிகம் பேசாத ரகம் என்று முதலில் நினைத்தார்கள். ஆனால் அண்ணாச்சி தன் வாதத்தை விளக்கி முடித்ததும், "இது மட்டும் உண்மைன்னு ஆயிருச்சுன்னா, அப்பறம் ஊருக்குள்ள ஒரு ஆம்பளையும் வீட்டுல வாயத் தொறக்க மாட்டானுங்க," என்றாள். அண்ணாச்சிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அவள் கேட்டது ஒன்றுதான். கஸ்பார் வழக்கம்போல ஒரு கப்பலைக் கொண்டுவர வேண்டும். அவள் பின்னால் இருந்து பார்ப்பாள்.

நிலக்கரிக் கப்பல் ஒன்று வெளியே காத்திருந்தது. கச்சான் காற்று, மேற்கிலிருந்து கரையைத் தாண்டி வீசும் காற்று, உரத்து அடித்துக்கொண்டிருந்தது. கஸ்பார் முகம் கழுவினான். வாஷ்பேசின் பக்கம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு பவுடர் டப்பா இருக்கும். அதிலிருந்து கொட்டி இரண்டு பொட்டிலும் நெற்றியிலும் பூசிக்கொண்டான். மெத்தை அழுத்தும் இடத்தில் வியர்த்து அரிக்கும், தடிப்பு வரும். பவுடர் போட்டால் வருவதில்லை. ஒருவன் தொடங்கி வைத்தது அறை முழுக்கப் பழக்கமாகிவிட்டது. பவுடர் போடாமல் உட்கார்ந்தால் கப்பல் தகராறு பண்ணும் என்றுகூடச் சொல்லிக்கொள்வார்கள். பிறகு மூடியை மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது.

அன்றைக்கு அவன் கொண்டுவந்த விதத்தை அந்த அறை பல நாள் பேசியது. காற்று கப்பலின் பின்புறத்தைக் கிழக்கே தள்ளியது. தள்ளட்டும் என்று விட்டான். கால்வாய் வாயில் குறுக்காக வருவது போல இருந்தது. இழுவைப்படகுக்காரன் பயந்து இரண்டு முறை கேட்டான். கஸ்பார், "கயித்தத் தளத்து," என்று மட்டும் சொன்னான். கடைசி நேரத்தில் அதே காற்றை வைத்தே கப்பலை நேராக்கி உள்ளே வாங்கினான். துறைமுக மேடையில் கப்பல் வந்து ஒட்டியபோது, நடுவில் வைத்த ஒரு தேங்காய்கூட நசுங்கியிருக்காது.

மூடியைக் கழற்றித் துண்டால் முகத்தைத் துடைத்தான். அபிநயா கேட்டாள்.

"என்னென்ன காதுல விழுந்துச்சுங்க அண்ணா?"

"கப்பலு, காத்து, படகுக்காரன் சத்தம். வேற ஒண்ணும் இல்ல."

தான் செய்ததை அவள் சொன்னாள். பின்னால் நின்று அவனை மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். எவர்சில்வர் டம்ளர் ஒன்றைத் தரையில் போட்டிருக்கிறாள். பெட்டிக்குள் அடித்த அவனுடைய போனையே எடுத்து அவன் காதுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். அவன் இமைகூட அசையவில்லை. அண்ணாச்சி தொடையைத் தட்டினார். இவ்வளவு வலுவாக மூடுகிற சாமான் வீடுவரை கூடப் போகாமல் என்ன செய்யும் என்று கேட்டார்.

அபிநயா மூடியைத் திருப்பினாள். மெத்தையை நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக உதிர்ந்தது. மோந்து பார்த்தாள்.

"இது என்னங்க?"

"பவுடரு," என்றான் கஸ்பார்.

அவள் போய் மற்ற நாற்காலிகளில் தொங்கிய மூடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். எல்லாவற்றிலும் சுண்ணாம்பு அடித்தது போல அப்பியிருந்தது. எப்போதிருந்து பூசுகிறீர்கள் என்று கேட்டாள். போன கோடைக்கு முந்தின கோடையிலிருந்து என்று யாரோ சொன்னார்கள். அவள் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணா, இது தோல்ல ஒட்டுனாத்தானுங்க வேலை செய்யும். நடுவுல இத்தனை பவுடர் இருந்தா, நீங்க நெத்தியில ரப்பர் வளையம் மாட்டுன மாதிரி. அவ்வளவுதான்."

"பச்சை வெளக்கு எரியுதே?"

"மூடி தலையில இருக்குதான்னு காட்டற வெளக்குங்க அது. வேலை செய்யுதான்னு காட்டறதில்லீங்க. அது எங்க தப்பு. ஒத்துக்கறேன்."

அப்படியானால் இத்தனை நாளும் நாங்கள் கொண்டுவந்த கப்பல்கள் என்று அண்ணாச்சி கேட்டார்.

"நீங்களே கொண்டாந்ததுங்க," என்றாள்.

கஸ்பாருக்கு முதலில் வந்தது பெருமை. அதை மறைக்கத் தேவையில்லை. சற்றுமுன் அந்தக் காற்றில் அந்தக் கப்பலைத் தன் மூளை ஒன்றை மட்டுமே வைத்து உள்ளே வாங்கியிருக்கிறோம் என்ற எண்ணத்தில் நெஞ்சு விம்மியது. மற்றவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவன் தன் மூடியை நாற்காலியிலிருந்து எடுத்து மேஜையில் எறிந்தே விட்டான். கஸ்பாரின் சிரிப்பு மட்டும் பாதியில் நின்றது.

"ஆனா எனக்கு நெசமாவே கேக்கலையே," என்றான்.

அபிநயா அவனை உட்கார வைத்தாள். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்து அவனுடைய பொட்டு இரண்டையும் அழுத்தித் துடைத்தாள். பையிலிருந்து புது மூடியை எடுத்து மாட்டினாள். மேடையில் கட்டியிருக்கும் கப்பலின் கயிறுகளைத் திரையில் பார்த்துக்கொண்டிருக்கச் சொன்னாள்.

அந்த அனுபவத்தை அவன் பிறகு யாரிடமும் சரியாகச் சொல்ல முடியவில்லை. கயிறுகள் இருந்தன. கப்பல் இருந்தது. முழங்கால் வலி இல்லை. நாற்காலி இல்லை. தனக்கு ஒரு பெயர் உண்டு என்பது இல்லை. இல்லை என்பதுகூட அப்போது தெரியவில்லை, கழற்றிய பிறகுதான் தெரிந்தது. பட்டையை அவள் எடுத்தபோது, தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியது போல எல்லாச் சத்தமும் ஒரே சமயத்தில் வந்து மோதியது.

"இப்பவும் டம்ளரப் போட்டனுங்க. தெரிஞ்சுதா?"

தெரியவில்லை. யோசித்துப் பார்த்தான். அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை.

"சரிங்க. மொதல்ல போட்ட டம்ளர்? அது எப்படி உருண்டுச்சுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

தெரியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். ஆனால் தெரிந்தது. டம்ளர் விழுந்து, வலது பக்கம் உருண்டு, நாற்காலிக் காலில் முட்டி, கொஞ்ச நேரம் சுழன்று அடங்கியது. அவள் முதல் இரண்டு முறை "சார்" என்று கூப்பிட்டாள். மூன்றாவது முறை "கஸ்பார் அண்ணா" என்றாள், அப்போது தொண்டை கொஞ்சம் கரகரத்தது. போனில் கூப்பிட்டது அவன் தம்பி. தம்பிக்கென்று வைத்த மணி அது. எல்லாமே அவனுக்குள் இருந்தது. கேட்டிருக்கிறான். கேட்டு, என்னவென்று பார்த்து, வேலைக்கு ஆகாது என்று ஓரமாக எடுத்து வைத்திருக்கிறான்.

மூடி வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கும். இவன் உள்ளே வரவிட்டு உட்கார வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொன்றும் வந்தது. பிளாஸ்டிக் வாளி கவிழ்ந்த சத்தம். கனமாக ஏதோ தரையில் மோதிய சத்தம். "ஏங்க." கொஞ்சம் இடைவெளி. இன்னொரு "ஏங்க". அதில் மூச்சு வாங்கியது.

கஸ்பார் எழுந்து பக்கத்து மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

அண்ணாச்சி ஆளைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொண்டார். மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார். பவுடர் கதை இந்த அறையோடு நிற்கட்டும் என்றார். கம்பெனியும் அதைத்தான் விரும்பும். பச்சை விளக்கு பொய் சொன்னது என்று வெளியே தெரிந்தால் ஊரில் இருக்கும் அத்தனை மூடியையும் திரும்ப வாங்க வேண்டியிருக்கும். மூடி கொஞ்சம் ஒட்டிக்கொள்கிறது, நேரத்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று ஒப்புக்கொள்வது அவர்களுக்கு மலிவு. அபிநயாவிடம் அப்படித்தானே என்று கேட்டார். தான் உள்ளதைத்தான் எழுதுவேன் என்றும், மேலே இருப்பவர்கள் அதை மாற்றிவிடுவார்கள் என்றும், அதற்கு அவர்களுக்கு ஒரு நாள்கூட ஆகாது என்றும் அவள் சொன்னாள்.

"பொறவு என்னல?" என்றார் அண்ணாச்சி. "எங்களுக்கு நேரம் கொறயும். அவனுவளுக்கு மானம் தப்பும். ஒம் பொண்டாட்டி வீடு வந்து சேருவா. இதுல யாருக்கு நட்டம்?"

யாருக்கும் நட்டம் இருப்பதாகக் கஸ்பாருக்கும் தெரியவில்லை. சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு பாளையங்கோட்டைக்குப் போனான்.

ரெஜினா கடைக்குப் போயிருந்தாள். முன்னறையில் மெட்டில்டா நான்கு கால் ஊன்றுசட்டத்தைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து பழகிக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். நாற்காலியில் அவளுடைய துணிப்பை கட்டித் தயாராக இருந்தது. அண்ணாச்சி அவனை முந்திக்கொண்டு போன் செய்துவிட்டார் என்று அதைப் பார்த்ததும் தெரிந்தது.

"மூடிதானாமே," என்றாள். நடப்பதை நிறுத்தவில்லை.

வரும் வழியெல்லாம் அவன் ஒன்றைத்தான் யோசித்திருந்தான். ஆமாம் என்று சொன்னால் இன்றைக்கே அவள் வீட்டில் இருப்பாள். அதன் பிறகு அவள் எத்தனை முறை கூப்பிட்டாலும், போகாமல் இருக்க அவனிடம் ஒரு காரணம் தயாராக இருக்கும். டாக்டர் சீட்டு மாதிரி. அந்த வசதி கிடைத்தால் தான் அதை உபயோகிப்பான் என்று அவனுக்குத் தெரியும். நேற்று அந்த நாற்காலியில் தெரிந்துகொண்டது அதுதான்.

"மூடி இல்ல," என்றான். பவுடரைச் சொன்னான். டம்ளரைச் சொன்னான். "வாளி கவுந்தது கேட்டுச்சு. நீ கூப்பிட்டதும் கேட்டுச்சு. நாந்தான் வரல."

மெட்டில்டா ஊன்றுசட்டத்தை நிறுத்தி அதன்மேல் சாய்ந்துகொண்டாள்.

"தெரியும்," என்றாள்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"பொறு, வாரேன்னு சொன்னீய. தெளிவாத்தான் சொன்னீய. வாரேன்னு சொன்ன ஆள மறுபடி எதுக்குச் சத்தம் போட்டுக் கூப்பிடணும்னு நான் பேசாம கெடந்தேன்."

அது மட்டும் அவனுக்கு நினைவில் இல்லை. எவ்வளவு தேடியும் இல்லை. அவளுடைய குரல் இருந்தது, தன்னுடையது இல்லை.

இதை ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை என்று கேட்டான். ரெஜினாக்காவுக்குத் தெரிந்திருந்தால் உங்களை இந்த வீட்டு வாசல்படி ஏற்றியிருக்க மாட்டாள் என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"மூடின்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேன். பொய்யின்னு தெரிஞ்சுக்கிட்டே உங்ககூட இருந்திருப்பேன். ஊருல பாதிப் பேரு அப்படித்தான இருக்காவ."

"இப்ப?"

அவள் சட்டத்தைத் தூக்கி வைத்துத் தூக்கி வைத்து உள்ளறைக்குப் போனாள். உதவிக்கு வந்தவனைக் கையால் தடுத்துவிட்டாள். கஸ்பார் பைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். போன் அடித்தது. அண்ணாச்சி. மதியத்துக்கு மேல் எண்ணெய்க் கப்பல் ஒன்று வருகிறது, காற்று நேற்றைவிடக் கடுமை, சோதிக்கவென்று அபிநயா மூடிகளை எடுத்துப் போய்விட்டாள், மூடி இல்லாமல் கொண்டுவர மற்றவர்கள் தயங்குகிறார்கள், கால்வாய் வாயில் எந்தப் பக்கம் வாங்க வேண்டும் என்று கேட்டார். கஸ்பாருக்கு அந்தக் காற்று கண்முன் வந்தது. எந்தப் பக்கம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். வாக்கியத்தைத் தொடங்கிவிட்டான்.

"ஏங்க," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

போனை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனான். மெட்டில்டா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். விழவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. என்ன வேண்டும் என்றான்.

"ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "வாரியளான்னு பாத்தேன்."

அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

"இன்னும் ரொம்ப நாளு பாப்பேன். சோலி இல்லாமலே கூப்பிடுவேன். மொகத்தத் தூக்கப்பிடாது," என்றாள். பிறகு ஒரு கையை நீட்டினாள். "பிடிங்க. அக்கா வந்ததும் சொல்லிட்டுக் கெளம்புவோம்."

முன்னறை நாற்காலியில் கிடந்த போனில், மறுமுனையில் ஆள் இருப்பதாக நினைத்துக்கொண்டு, அண்ணாச்சி காற்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தார்.